படகில் ஏறாத நாய்

பிரயாண நூல்களில் ஒரு தனி ரகம் இருக்கிறது. ஒரு மனிதன், ஒரு சிறு பாய்மரப் படகு, ஒரு நாய். குளிர்காலம் வருமுன் படகை அவிழ்த்துக்கொண்டு, கரையை விட்டு அதிக தூரம் விலகாமல் தெற்கு நோக்கிப் போவது. வழியில் கண்ட துறைகள், நனைந்த மழை, தப்பிய பாறை, நாய் செய்த சேஷ்டை எல்லாவற்றையும் எழுதிவைப்பது. அமெரிக்காவின் கிழக்குக் கரையோரமாக இப்படித் தெற்கே போகிறவர்கள் வருஷந்தோறும் உண்டு. அவர்களில் சிலர் எழுதவும் செய்கிறார்கள். பெரும்பாலானவை படித்த மறுநாளே மறந்துபோகிறவை. ஆனாலும் அந்த ரகத்தின்மேல் எனக்கு ஒரு பற்று உண்டு. மேற்கே மலை, கிழக்கே மலை என்று அடைத்துக்கொண்டிருக்கிற கம்பம் பள்ளத்தாக்கில் உட்கார்ந்துகொண்டு கடலைப் பற்றிப் படிப்பதால் வந்த பற்றாக இருக்கலாம்.

இந்தப் புத்தகங்களை என்னிடம் இரவல் வாங்கிப் படிக்கிற ஒரு நண்பர், உத்தமபாளையத்துக்காரர், பள்ளி ஆசிரியர், ஒரு நாள் கேட்டார்: "அண்ணே, நம்மகிட்டக் கடலும் இருக்கு, நாயும் இருக்கு. இப்படி ஒரு பொஸ்தகம் மட்டும் ஏன் இல்ல? நம்ம ஆளுகளுக்கு எழுதத் தெரியலயா, இல்ல போகத் தெரியலயா?"

கேள்வி விளையாட்டாகக் கேட்கப்பட்டதுதான். ஆனால் அதற்குள் நம் விமரிசனத்தில் அடிக்கடி தலைகாட்டுகிற ஒரு மனோபாவம் இருக்கிறது. மேல்நாட்டில் ஒரு இலக்கிய ரகம் இருந்தால் அது நம்மிடம் இல்லாதது நமது குறை என்று முடிவுகட்டிவிடுகிற மனோபாவம் அது. இதற்கு எதிர்க்கட்சியும் ஒன்று உண்டு. எதைச் சொன்னாலும் சங்க நூலில் இருக்கிறது என்று ஒரு வரியை எடுத்துக் காட்டித் திருப்தி அடைந்துவிடுகிற கட்சி. இரண்டும் நூலைப் படிக்காமல் இருப்பதற்கான வழிகள். முதலில் இந்த ரகத்தில் நாய்க்கு என்ன வேலை என்று பார்க்கவேண்டும்.

படகில் தனியாகப் போகிறவனுக்கு, எழுத்தாளன் என்ற முறையில், ஒரு சங்கடம் இருக்கிறது. பேச ஆள் இல்லை. கடலை எத்தனை பக்கம் வருணிக்கலாம்? 1895ஆம் வருஷம் பாஸ்டனிலிருந்து புறப்பட்டு, 1898ஆம் வருஷம் திரும்பி, உலகத்தைத் தனியாகச் சுற்றிவந்த முதல் மனிதர் ஜோஷுவா ஸ்லோகம். அவருடைய 'ஸ்ப்ரே' படகு முப்பத்தேழு அடிக்கும் கொஞ்சம் குறைவு. தென் பசிபிக்கில் ஒரு தடவை 72 நாள் எந்தத் துறையையும் தொடாமல் போயிருக்கிறார். அவரிடம் நாய் இல்லை. ஆகவே என்ன செய்கிறார்? சந்திரனுக்கு வணக்கம் சொல்கிறார். வயிற்று வலியோடு படகறையில் சுருண்டு கிடந்த இரவில் கொலம்பஸின் 'பிண்டா' கப்பல் மாலுமி வந்து சுக்கான் பிடித்தான் என்று எழுதுகிறார். ஜுரத்தில் கண்ட தோற்றமோ, எழுதும்போது பிறந்த கற்பனையோ, எதுவாயினும் அந்த மாலுமி வந்ததும் புத்தகத்துக்கு உயிர் வந்துவிடுகிறது. தனிமையைச் சொல்வதற்குக்கூட இன்னொரு ஜீவன் தேவைப்படுகிறது. பின்னால் செயின்ட் ஹெலினாவில் யாரோ கொடுத்த ஆடு ஒன்றைப் படகில் ஏற்றிக்கொள்கிறார். அது அவருடைய கடல் வரைபடத்தைத் தின்றுவிடுகிறது. அந்த இடம் புத்தகத்திலேயே மிகவும் ஸ்வாரஸ்யமான இடங்களில் ஒன்று.

நாய் இருந்தால் இந்தச் சங்கடம் பாதி தீர்ந்தது. ஆனால் நாயின் உபயோகம் அதோடு நிற்கவில்லை என்பது என் அபிப்பிராயம். நாயைக் கரைக்கு அழைத்துப் போகவேண்டும். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை. மனிதன் படகிலேயே எல்லாவற்றையும் முடித்துக்கொள்வான். நாய் மண்ணைத் தேடும். ஆகவே நாயுள்ள படகு கரையை விட்டு வெகு தூரம் விலக முடியாது. இரவுக்கு நங்கூரம் பாய்ச்சுகிற இடத்தில் இறங்கி நடக்க மண் இருக்கிறதா என்று பார்த்தாகவேண்டும். கரையில் இறங்கினால் மனிதர்களைச் சந்திக்கவேண்டியிருக்கிறது. நாயை வைத்துக்கொண்டு நிற்கிறவனிடம் யாரும் வந்து பேசுவார்கள். புத்தகத்தின் வழியையும் நடையையும் பாத்திரங்களையும் நாயின் சிறுநீர்ப் பைதான் நிர்ணயிக்கிறது என்று சொன்னால் சிரிக்கக் கூடாது. உருவம் என்று நாம் பெரிய வார்த்தையாகப் பேசுவதெல்லாம் சில சமயம் இவ்வளவு சாதாரணமான காரணத்திலிருந்து பிறக்கிறது.

இந்த ரகத்துக்கு முன்னோடி என்று சொல்லத்தக்கது ஜெரோம் கே. ஜெரோமின் 'படகில் மூவர்'. 1889இல் வெளிவந்தது. கடல் அல்ல, தேம்ஸ் நதி. பாயைவிடத் துடுப்புத்தான் அதிகம். அதன் உபதலைப்பிலேயே நாய் வந்துவிடுகிறது. முன்னுரையில் ஆசிரியர் எல்லாம் உண்மையாக நடந்தவை என்று சத்தியம் செய்கிறார். படகில் போன மற்ற இருவரும் உண்மையான மனிதர்களின் சாயல்தான். ஆனால் மாண்ட்மொரென்ஸி என்ற அந்த நாய் மட்டும் கற்பனை. இதில் எனக்கு ஓர் ஆச்சரியமும் இல்லை. அந்தப் புத்தகத்தில் மிகவும் நம்பத்தகுந்த பாத்திரம் அந்த நாய்தான். மற்ற மூவரும் தங்களைப் பற்றித் தாங்களே பொய் சொல்லிக்கொள்கிறார்கள்; நாய் சொல்லிக்கொள்வதில்லை. கடைசியில் மழை தாங்காமல் மூவரும் படகைக் கைவிட்டு ஓடி வந்து விருந்து சாப்பிடுகிறபோது, அந்த முடிவுக்குச் சம்மதம் தெரிவித்து ஒரு குரைப்புக் குரைக்கிறது. வீர சாகசமாகத் தொடங்கின பிரயாணத்துக்கு அதைவிட நேர்மையான தீர்ப்பு வேறு கிடையாது.

இரண்டாவது புத்தகம் ஜான் ஸ்டீன்பெக்கின் 'சார்லியுடன் பிரயாணம்'. இதில் படகு முக்கியமில்லை. 1960ஆம் வருஷம் செப்டம்பர் மாதம், ஒரு லாரியின்மேல் சின்ன வீடு மாதிரி கட்டிக்கொண்டு, தம்முடைய கிழட்டுப் பிரெஞ்சு நாயோடு அமெரிக்காவைச் சுற்றிப் பார்க்கப் புறப்படுகிறார். ஆனால் புத்தகம் ஒரு படகோடுதான் தொடங்குகிறது. புறப்படுமுன் பெரும் புயல் ஒன்று வருகிறது. தம் படகைக் காப்பாற்ற ஐம்பத்தெட்டு வயது மனிதர் தண்ணீரில் இறங்குகிறார். அந்தப் பகுதி சில பக்கங்களே. அவற்றைப் படித்தபின், லாரிக்கு அவர் டான் குவிக்ஸாட்டின் குதிரைப் பெயரை வைத்ததைக் கிழவரின் பகட்டு என்று ஒதுக்கத் தோன்றவில்லை.

சார்லி அவருக்குத் தூதன். வழியில் அந்நியர் யாரையாவது பார்த்தால் நாயை விட்டுவிடுவார். அது அவர்கள் அடுப்பருகே போய் நிற்கும். இவர் பின்னாலேயே போய் மன்னிப்புக் கேட்பார். பேச்சு ஆரம்பமாகிவிடும். சார்லியோடு அவர் வாதம் செய்கிற இடங்களும் உண்டு. நாய் பதில் சொல்வதாகவும் எழுதுகிறார். இந்த இடங்களை நான் ரசிக்கவில்லை. நாய் பேசத் தொடங்கினால் அது ஆசிரியரின் குரலாகிவிடுகிறது. பிறகு படகிலோ லாரியிலோ இருப்பவர் ஒருவர்தான். யெல்லோஸ்டோன் காட்டில் கரடியைக் கண்டதும் அந்தச் சாது நாய் வெறிகொண்டு பாய்கிறதே, அதுதான் நாய். அதுவரை தம் நாயை முழுவதும் தெரிந்துவைத்திருந்ததாக நினைத்த ஆசிரியர் அங்கே திகைத்துப்போகிறார். அந்தத் திகைப்பு உண்மை.

நாய் ஒன்றும் பேசாமலே புத்தகத்தின் மிகப் பெரிய காரியத்தைச் செய்கிற இடம் தெற்கில் இருக்கிறது. லாரியின் முன் ஆசனத்தில் உட்கார்ந்திருக்கிற சார்லியைப் பார்த்து, நீக்ரோ என்று நினைத்தேன் என்று ஒருவன் ஹாஸ்யம் செய்கிறான். முதல் தடவை அது அசட்டு ஹாஸ்யம். ஊருக்கு ஊர் வெவ்வேறு வாயிலிருந்து அதே ஹாஸ்யம் வருகிறபோது நமக்கு வயிறு கலங்குகிறது. நியூ ஆர்லீன்ஸில் வெள்ளைப் பிள்ளைகளின் பள்ளிக்குச் செல்லும் ஒரு சின்னக் கறுப்புப் பெண்ணைப் பார்த்துத் தாய்மார்கள் கூட்டமாக நின்று வசை பாடுவதை அவர் காண்பது அதன் பிறகு. அந்தக் காட்சிக்கு நம் மனத்தைத் தயார்செய்து வைத்தது, ஒன்றும் அறியாமல் ஆசனத்தில் உட்கார்ந்திருந்த நாய்.

இந்தப் புத்தகத்தின் உண்மை பற்றிப் பின்னால் ஒரு வழக்கு வந்தது. பில் ஸ்டைகர்வால்ட் என்ற பத்திரிகையாளர் 2010இல் அதே வழியில் போய்ப் பார்த்து, ஸ்டீன்பெக் பல இரவுகளை ஹோட்டல்களில் கழித்தார், பல நாட்கள் மனைவி கூட இருந்தார், சில சந்திப்புகள் நடந்திருக்கவே முடியாது என்று எழுதினார். 2012இல் வந்த ஐம்பதாவது ஆண்டுப் பதிப்பின் முன்னுரை, இதை எழுத்துக்கு எழுத்து உண்மை என்று கொள்ளவேண்டாம் என்று வாசகனை எச்சரிக்கிறது. ஜெரோம் நாயைக் கற்பனை செய்தார். ஸ்டீன்பெக் நாயை வைத்துக்கொண்டு தனிமையைக் கற்பனை செய்தார். எனக்கு முன்னது குற்றமாகத் தோன்றவில்லை. பின்னது கொஞ்சம் உறுத்துகிறது. சிரிப்புக்காகச் சொல்கிற பொய்யை வாசகன் சிரித்துக்கொண்டே கண்டுபிடித்துவிடுவான். தனியாக இருந்தேன் என்கிற பொய்யை அவன் நம்பித் தன் மனத்தில் வைத்துக்கொள்கிறான். இருந்தாலும் அந்தத் தாய்மார்களின் வசை பொய்யல்ல. சரித்திரம் அதற்குச் சாட்சி சொல்லும். அதனால் புத்தகம் நிற்கிறது.

இனி நம்முடையதற்கு வருகிறேன்.

நமது பழம் பாட்டுகளில் கடல் துறையில் நாய் இல்லாமல் இல்லை. பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துப் பண்டகசாலை முற்றம் வருகிறது. இறக்கவும் ஏற்றவும் மூட்டைகள் மலைபோல் குவிந்து கிடக்கின்றன. அந்தக் குவியல்மேல் ஆண் நாய்களும் ஆட்டுக் கடாக்களும் துள்ளிக் குதிக்கின்றன. எப்படி என்றால், மலைச் சரிவில் வருடை ஆடு குதிப்பதுபோல. உருத்திரங்கண்ணனார் இதை ஓர் உவமையாகச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். எங்கள் பள்ளத்தாக்கில் இருப்பவனுக்கு இது வெறும் உவமையல்ல. வருடை என்று பழம் புலவர்கள் சொன்னது வரையாடுதான் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். அது எங்களுக்குக் கிழக்கே மேகமலையின் பாறைச் சரிவுகளில் இன்றைக்கும் இருக்கிறது. கடற்கரை நாயைப் பார்த்தபோது கவிக்கு மலை ஆடு ஞாபகம் வந்ததென்றால், மலையும் கடலும் அவர் மனத்தில் இப்போது நமக்கு இருப்பதுபோல் அவ்வளவு தூரத்தில் இல்லை என்றுதான் அர்த்தம். ஆனால் ஒன்று கவனிக்கவேண்டும். அந்த நாய் முற்றத்தோடு நின்றுவிட்டது. கப்பலில் ஏறவில்லை.

இரண்டாவது இடம் கம்பனில் இருக்கிறது. குகனை அறிமுகப்படுத்துகிறபோது கம்பன் சொல்கிறவற்றைப் பாருங்கள்: ஆயிரம் படகுகளுக்குத் தலைவன், துடி என்ற பறையை உடையவன், நாயை உடையவன், தோல் செருப்பு அணிந்தவன். படகும் நாயும் ஒரே மனிதனுக்குச் சொந்தமாக இங்கே வருகின்றன. ஆனால் ராமனைப் பார்க்கப் போகிற குகன் சுற்றத்தை வெளியே நிறுத்திவிட்டு, வில்லையும் வாளையும் விட்டுவிட்டுப் போகிறான். வாயிலில், நீ யார் என்று கேட்கப்பட்டதும், படகு ஓட்டும் வேடன், நாய் போன்ற அடியவன் என்று சொல்லிக்கொள்கிறான். நாயை உடையவனாக வந்த மனிதன் சில பாட்டுக்களுக்குள் தானே நாயாகிவிட்டான். பிறகு கங்கையைக் கடக்கும்போது படகு வருகிறது, துடுப்பு வருகிறது, அலை வருகிறது, கரையில் நின்று கலங்குகிறவர்கள் வருகிறார்கள். நாய் வரவில்லை. வரவேண்டிய அவசியம் இல்லை. நாயின் குணங்களையெல்லாம் குகன் ஏற்றுக்கொண்டுவிட்டான்.

இரவெல்லாம் கண் விழித்துக் காவல் நிற்கிறான். பின்னால் பரதன் சேனையோடு வரும்போது, வருகிறவன் பகைவன் என்று எண்ணிக் கரையில் நின்று சீறுகிறான். அருகே பார்த்ததும் உருகிப்போகிறான். உடன் வருகிறேன், வழி தெரியும், காயும் கனியும் தேடித் தருவேன் என்று ராமனிடம் கெஞ்சுகிறான். ராமனோ அவனைத் தம்பியாக ஏற்றுக்கொண்டு, நீ இங்கேயே இரு என்று கரையில் விட்டுவிட்டுப் போகிறான். இதைச் சொல்வதால் குகனைச் சிறுமைப்படுத்துகிறேன் என்று யாரும் நினைக்கவேண்டாம். நாய் என்பது இழிவு என்ற எண்ணம் இருந்தால்தான் அப்படித் தோன்றும்.

அந்த எண்ணம்தான் நம் இலக்கியத்தில் நாய்க்கு வந்த கஷ்டம். நாலடியார் பாடிய முனிவர் ஒருவர் நாயைச் சரியாகப் பார்த்திருக்கிறார். யானை பாகனையே கொல்லும். நாயோ, எறிந்த வேல் உடம்பில் நிற்கும்போதும் வாலை ஆட்டும். ஆகவே நாய் போன்றவரிடம் நட்புக் கொள்ளுங்கள் என்கிறார். வேல் தைத்த நாயின் வாலைக் கவனித்த கண் நல்ல கதாசிரியனின் கண். ஆனால் பக்திப் பாடல்கள் வந்தபின் நாய் ஒரு பிராணியாக இருப்பது குறைந்து, அடியவனின் தாழ்மைக்கு ஒரு சொல்லாக ஆகிவிட்டது. மாணிக்கவாசகர் தம்மை நாயினும் கீழானவர் என்று சொல்லும்போது அந்தச் சொல்லில் உருக்கம் இருக்கிறது, நாய் இல்லை. பாரதி குழந்தைகளுக்கு நாயை மனிதனின் தோழன் என்று சொல்லிக்கொடுத்தார். பாப்பாக்கள் கற்றுக்கொண்டார்கள், வளர்ந்து எழுத்தாளர்களானபின் மறந்துவிட்டார்கள்.

நாயின் கதை இப்படியென்றால், படகின் கதை என்ன? கல்கியின் 'பொன்னியின் செல்வ'னில் பூங்குழலி கோடிக்கரையிலிருந்து ஈழத்துக்குத் தனியாகவே படகு விடுகிறாள். பாட்டும் பாடுகிறாள். அந்தப் படகில் ஒரு நாய் இருந்திருந்தால் அவள் வந்தியத்தேவனிடம் அவ்வளவு பேசியிருக்கமாட்டாள் என்று நான் வேடிக்கையாக நினைப்பதுண்டு. ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' 1972இல் நூலாக வந்தது. அதில் தோணி புயலில் அகப்படுகிற பகுதிக்கு ஈடாக நவீனத் தமிழில் கடல் எழுதப்பட்டதில்லை என்பது என் கட்சி. வாக்கியங்களே அங்கே அலையில் உடைகின்றன. ஜோ டி குருஸின் 'ஆழி சூழ் உலகு' 2004இல் வந்தது. கட்டுமரம் உடைந்து கடலில் மிதக்கும் மூன்று பேர். மூன்று மனிதர்களும் தண்ணீரும்தான், ஆனால் இது ஜெரோமின் மூவர் அல்ல. மழை வந்தால் ரயில் ஏறி விருந்து சாப்பிடப் போக இவர்களுக்கு வழி இல்லை.

இங்கேதான் நண்பரின் கேள்விக்குப் பதில் கிடக்கிறது. சிங்காரத்தின் தோணியில் இருப்பவர்கள் சரக்கோடு போகிற வியாபாரிகள். ஜோ டி குருஸின் மனிதர்கள் மீன் பிடிக்கப் போனவர்கள். நமது கடல் வேலை செய்கிற இடம். கரையோரமாகத் தெற்கே போவதென்றால், பூம்புகாரிலிருந்து கோடிக்கரை, பாம்பன், தூத்துக்குடி, குமரி என்று போக வழி இல்லாமல் இல்லை. ஆனால் ராமேஸ்வரத்து மீனவனுக்குக் கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு கடல்மேல் இருக்கிறது. 1974, 1976 ஒப்பந்தங்கள் போட்ட கோடு. காற்று கொஞ்சம் மாறி அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டால் சிறை, படகும் போய்விடும். அந்தக் கடலில் உல்லாசப் படகு விட்டு, நாயின் சேஷ்டைகளை எழுதி, அந்த மீனவனைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதாமல் வருகிறவனின் புத்தகம் எனக்கு வேண்டாம். அப்படி ஒன்று தமிழில் இல்லாதது குறையல்ல.

ஓய்வு இருந்தால்தான் பிரயாண நூல் வரும் என்று இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. சிட்டியும் தி. ஜானகிராமனும் எழுதிய 'நடந்தாய் வாழி, காவேரி' 1971இல் வந்தது. அவர்களிடம் நாய் இல்லை; ஆனால் நண்பர்கள் ஒருவரையொருவர் கேலி செய்துகொண்டு போகிறார்கள். நாய் செய்யவேண்டிய வேலையை அந்தக் கேலி செய்கிறது. நதியைப் புனிதம் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு நிற்காமல், கரையில் இறங்கி மனிதர்களோடு பேசுகிறார்கள். நாய் இல்லாமலே நாயுள்ள புத்தகத்தின் நற்குணங்கள் அதில் இருக்கின்றன. ஆகவே படகும் நாயும் வெளி அடையாளங்கள்தான். கூட ஒரு ஜீவன், அதற்காக அடிக்கடி மண்ணில் இறங்கவேண்டிய கட்டாயம், அந்தக் கட்டாயத்தால் வருகிற சந்திப்பு, இவைதாம் உள்ளே இருக்கிற பொருள்.

இப்படிப் பார்த்தால் அந்தப் பிரயாணம் நம்மிடம் நடக்காமல் இல்லை. எங்கள் பள்ளத்தாக்கிலேயே நடந்திருக்கிறது.

உத்தமபாளையத்துக்குப் பக்கத்தில் கோம்பை என்ற ஊர் இருக்கிறது. கோம்பை நாய் என்று பெயர் பெற்ற ஜாதி அந்த ஊர்ப் பெயரால்தான் வழங்குகிறது. செம்பழுப்பு நிறம், கறுத்த மூஞ்சி, பலமான தாடை. காட்டுப் பன்றி வேட்டைக்கும் தோட்டக் காவலுக்கும் பேர்போனது. 2005இல் இந்தியத் தபால் இலாகா நாய்களுக்காக நான்கு தபால் தலைகள் வெளியிட்டபோது ராஜபாளையத்துக்கு இடம் கிடைத்தது, கோம்பைக்குக் கிடைக்கவில்லை. அதற்காக இங்கே யாரும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. இங்கே நாயைத் தலைக்கு மேல் தூக்கிவைக்கிற வழக்கம் இல்லை. மலைமாடு மேய்க்கிறவர்களோடு நாய்களும் மலை ஏறின. ஒரு மந்தை, இரண்டு மூன்று ஆட்கள், கூட நாய்கள். மழைக்கும் புல்லுக்கும் தகுந்தபடி சரிவு மாறிச் சரிவு மாறி மாதக் கணக்கில் பிரயாணம். இரவில் தொழுவைச் சுற்றி நாய் படுக்கும். சிறுத்தை வாசனை மனிதனுக்கு எட்டுமுன் அதற்கு எட்டும். படகுக்காரன் நாய்க்காகக் கரையைத் தேடினான். இவர்கள் மாட்டுக்காகப் புல்லைத் தேடினார்கள். வழியைப் பிராணி நிர்ணயித்தது என்பதில் வித்தியாசம் இல்லை.

எங்கள் ஊரில் ஓடும் தண்ணீரே திசை மாற்றப்பட்ட தண்ணீர். 1895இல் பென்னிகுயிக் கட்டி முடித்த பெரியாறு அணை, மேற்குக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்த நதியை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிவிட்டது. அந்தத் தண்ணீரால் நெல்லும் வாழையும் திராட்சையும் விளைந்து, பள்ளத்தாக்கு நிலையாக உட்கார்ந்த விவசாயிகளின் ஊராயிற்று. உட்கார்ந்தவர்களைப் பற்றி எழுதியிருக்கிறோம். நடந்தவர்களைப் பற்றி எழுதவில்லை. இந்தப் பக்கத்துக்குக் கொஞ்சம் கிழக்கே வத்தலக்குண்டில் வளர்ந்த சி. சு. செல்லப்பா 'வாடிவாச'லில் ஒரு காளையைப் பாத்திரமாக்கினார். கி. ராஜநாராயணன் 'கிடை'யில் கரிசல் காட்டு ஆட்டுக் கிடைக்கு இலக்கிய அந்தஸ்து கொடுத்தார். மலைமாட்டுக்கும் அதோடு போன நாய்க்கும் அப்படி ஒரு புத்தகம் வரவில்லை.

அதற்குள் அந்த வழியே அடைபட்டுவருகிறது. 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம் ஏற்பட்டது. 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் காடுகளில் மாடு மேய்ப்பதைத் தடை செய்தது. பிறகு தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் இவற்றுக்கு மட்டும் என்று அந்தத் தடையைச் சுருக்கியது. மேகமலைப் பக்கத்துக்காரர்களுக்கு அந்தச் சுருக்கத்தால் பெரிய லாபம் இல்லை. புலிக்கும் காடு வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. வரையாட்டின் சரிவில் மாட்டு மந்தை ஏறக் கூடாது என்பதிலும் நியாயம் இருக்கிறது. நான் சொல்வது வேறு. ஒரு பிரயாணம் நின்றுபோவதற்குள் அதை அறிந்தவர்கள் சொல்லி யாராவது எழுதிவைக்கவேண்டும். நின்றபின் எழுதினால் அது ஏக்கமாகத்தான் வரும். ஏக்கத்தில் நாய் மறுபடியும் சொல்லாகிவிடும். விசுவாசம், தியாகம் என்று அடைமொழிகளைச் சுமந்துகொண்டு நிற்கும்.

எழுதப் போகிறவருக்கு ஜெரோமும் ஸ்டீன்பெக்கும் உதவுவார்கள். ஆனால் அவர்களைப்போல் எழுதுவதற்காக அல்ல. நாயைப் பேசவைக்காதீர்கள். அது எதைக் கண்டு குரைத்தது, எங்கே படுத்தது, எந்த ஆளை நம்பவில்லை என்று எழுதினால் போதும். அது உங்களுக்குப் புரியாத ஒரு காரியத்தைச் செய்தால் அதையும் புரியாமலே விட்டுவிடுங்கள். கூடப் போகாமல் போனதாக எழுதாதீர்கள். இந்த மாதிரிப் புத்தகத்தில் அந்தப் பொய்தான் முதலில் கண்டுபிடிக்கப்படும். முக்கியமாக, மேய்ப்பவர் பேசுகிறபோது குறுக்கே பேசாதீர்கள்.

பட்டம் வாங்கும்வரை கல்லூரியில் நிற்காதவன் நான். இலக்கிய ரகங்களைப் பற்றிச் சட்டம் போட எனக்கு அதிகாரம் இல்லை. வாசகன் என்ற முறையில் ஒன்று சொல்லலாம். அப்படி ஒரு புத்தகம் வந்தால், தெற்கே போகிற பாய்மரப் படகுகளை எடுத்து அலமாரியின் மேல் தட்டில் வைத்துவிட்டு, அதை முதலில் படிப்பேன். அதில் நாய் மலை ஏறுகிற பக்கம் ஒன்று இருக்கும். காவிரிப்பூம்பட்டினத்து மூட்டைக் குவியலைப் பார்த்த கவிக்கு ஏன் வரையாட்டின் ஞாபகம் வந்தது என்பது அந்தப் பக்கத்தைப் படித்தால் இன்னும் கொஞ்சம் விளங்கும்.